வால் உள்ளே விழுந்த வேலை

அன்றைக்குப் பட்டறையில் இருந்தது மூன்று பேர்: நான், ஃபிட்டர் முனுசாமி, லாரிக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி. முதலாளி இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மீஞ்சூர் போயிருந்தார்.

அண்ணாச்சிக்கு ராயபுரத்தில் மொத்த வியாபாரக் கடை. ஊர் சாத்தான்குளம் பக்கம். லாரி, சண்டை முடிந்தபின் டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டி. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம். யாரோ ஸ்பார்க் பிளக்கைக் கோணலாக முறுக்கியதில் ஒரு துளையின் திரெட், அதாவது உள்மரை, அடியோடு போய்விட்டது. ஹார்பரில் அவருடைய பேரீச்சம்பழ மூட்டைகள் கிடந்தன. சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் கட்டவேண்டும்.

அதற்கு எங்களிடம் ஒரு புது வைத்தியம் இருந்தது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப் என்ற மரைவெட்டியால் திரெட் வெட்டி, ஸ்பிரிங் போன்ற வெண்கலக் கம்பிச் சுருளை உள்ளே இறக்கவேண்டும். பழைய அளவு பிளக் அந்தச் சுருளுக்குள் கச்சிதமாக ஏறும். சுருளின் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும். கருவி அதைப் பிடித்துத்தான் சுருளை இறக்கும். இறக்கியதும் வாலை உடைத்துவிட வேண்டும்.

மூர் மார்க்கெட்டில் முதலாளி வாங்கிவந்த அந்தப் பெட்டியில் இங்கிலீஷ் தாள் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாளைப் படித்துச் சொன்னது நான். கசங்கக்கூடாது என்று பசை தடவி அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டியதும் நான்தான். அதைப் பார்த்தே ஏழெட்டு போல்ட் துளைகளுக்குச் சுருள் போட்டிருந்தேன்.

டேப்பில் கிரீஸ் அப்பி வெட்டினேன். அலுமினியத் தூள் கிரீஸில் ஒட்டி வெளியே வந்துவிட்டது. சுருள் அழகாக உட்கார்ந்தது. வழக்கம்போல, முனுசாமி எடுத்துக் கொடுத்த பஞ்ச் உளியை வைத்து ஒரு தட்டு. வால் உடைந்து சிலிண்டருக்குள் போய்விட்டது. மற்ற வேலைகளில் சாமானை மேசைமேல் கழற்றி வைத்திருப்போம். தட்டினால் கீழே விழும். இங்கே ஹெட் வண்டியிலேயே இருந்தது.

"இன்னா மாமு, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?" என்றான் முனுசாமி.

சொன்னேன். காந்தத்தை நூலில் கட்டி இறக்கினேன்.

"வெண்கலத்தைக் காந்தம் மோந்துகூட பாக்காது மாமு."

சுவரிலிருந்த தாளை மறுபடி படித்தேன். கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் 'மறுபக்கம் பார்க்க' என்றிருந்தது. தண்ணீரில் நனைத்து உரித்தேன். பிளக் துளைகளில் பஞ்ச் வைக்காதே, மூக்குக் குறடால் வாலைப் பிடித்து முன்னும் பின்னும் வளைத்து ஒடித்து எடு என்று பின்பக்கம் தெளிவாகப் போட்டிருந்தது.

"பேஜார் பண்ணாத. வண்டியைக் கிளப்பு, சைலன்சர் வழியா துப்பிடும். மொதலாளிக்குத் தெரிஞ்சா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு," என்றான் முனுசாமி, மெதுவாக.

வேலை போனால் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கொஞ்சநேரம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். பிறகு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"வாலா? என்னவே சொல்லுதீரு? வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் அண்ணாச்சி. எதுவரைக்கும்னு சொல்லமுடியாது. வால்வு இடுக்குல மாட்டினா வால்வு போச்சு. சிலிண்டரைக் கீறிட்டா இன்ஜினே போச்சு."

அவர் ஹார்பர் பக்கம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொறவு எதுக்குவே மரமாட்டம் நிக்கேரு? கழத்தும்!"

முதலில் ஸ்பானரை எடுத்தது முனுசாமி. "நல்லா சொன்ன போ, அரிச்சந்திரா! ரேடியேட்டர் தண்ணிய வடி," என்றான்.

ஹெட் வெளியே வரும்போது ஹார்பர் கேட் சாத்தியிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில், வெட்டிப்போட்ட நகம்போல, வால் கிடந்தது.

மறுநாள் முதலாளி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "படிச்சவன் படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். நீ பாதிதான் படிச்சிருக்கே!" என்று கத்தினார். வேலையிலிருந்து அனுப்பவில்லை; செலவை மட்டும் என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார்.

"பஞ்ச் உளிய எடுத்துக் குடுத்தது நான். பாதியை என் கூலில பிடிங்க," என்றான் முனுசாமி.

அன்றிலிருந்து எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒருநாள் டெமரேஜும் ஹெட்டுக்கு அடியில் போடும் புது காஸ்கெட்டும் சேர்த்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆன செலவு இருபத்தேழு ரூபாய் பத்தணா.