பஸ்ஸில் ஒரு குதிரைக்கு இடம் தேடியவர்

இன்று பாலிக் புலாவ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அண்ணன் போனில் கெஞ்சிக்கொண்டே வந்தார். ரேஸ் குதிரைகளைப் பராமரிப்பவராம்.

"இனிமே ஓடாதுலா, முன்னங்கால்ல அடி. ஆனா நடக்கும். உன் டுரியான் தோட்டத்துல ஒரு ஓரமா நிக்கட்டும்டா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டார்.

குதிரையின் முதலாளி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன்.

"ஜெயிச்சப்ப கழுத்தக் கட்டிக்கிட்டு போட்டோ எடுத்தாரு. இப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள லாயத்தக் காலி பண்ணுங்கிறாரு."

"பண்ணலன்னா?"

"ஊசி போட்டு முடிச்சிருவாங்க."

போனில் குதிரையின் படத்தைக் காட்டினார். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. வேறென்ன சொல்வது? "அழகா இருக்குண்ணே" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, தங்கச்சி."

நான் இருப்பது ஒன்பதாவது மாடி பிளாட்டில். அங்கே பூனைக்கே அனுமதியில்லை. அவருடைய நம்பரையும் அந்தப் படத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். படத்தை இங்கே போடவில்லை. போட்டால் நீங்களும் 'அழகா இருக்கு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்.