பதினொரு நிமிடத்தில் வந்தவள்

"இப்பதான் கிளம்புறோம். மணி ஆறு நாற்பது. பயணிகள் மூணு பேர், உங்க பெரிய பொண்ணையும் சேர்த்து."

வானொலிப் பெட்டியில் அந்தக் குரலைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். அக்கா வந்து இறங்கி அப்போதே பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

நம்பாவிட்டால் போங்கள். முந்தாநாள் நடந்தது இதுதான்.

எங்கள் விமான நிலையம் என்றால் ஒரு கொட்டகை, ஒரு மண் ஓடுதளம், அப்பாவின் வானொலிப் பெட்டி. எதிர்முனையும் அப்படித்தான். நடுவில் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் மலைக்காடு. சின்ன விமானம் பறக்க இருபத்தாறு நிமிடம். எதிர்க்காற்று அடித்தால் முப்பது. அதற்குக் குறைந்து ஒருநாளும் வந்ததில்லை.

அன்று 6:10-க்கு, 'கிளம்பியாச்சு' என்று ஒரு குரல் வந்தது. 6:21-க்கு விமானம் இறங்கிவிட்டது.

"என்னப்பா, பதினொரு நிமிஷத்துல?"

"உங்கக்கா தொணதொணப்பு தாங்காம பைலட் விரட்டிக்கிட்டு வந்திருப்பான்."

அக்கா மட்டும்தான் இறங்கினாள். எட்டு மாதம் கழித்து வருகிறாள். சிரிக்கவில்லை.

"விளக்கை அணைச்சிடு," என்றாள்.

வழக்கமும் அதுதான். விமானம் இறங்கியதும் ஓடுதள விளக்குகளை அணைத்துவிடுவோம். ஜெனரேட்டருக்கு டீசல் மிச்சம். நானே அணைத்தேன். 6:25.

இப்போது 6:40. எட்டிப் பார்த்தேன். ஓடுதளத்தில் விமானம் இல்லை. திரும்பிப் போன சத்தமும் கேட்கவில்லை...

"ஓடு, விளக்கைப் போடுடி," என்றார் அப்பா. எதிர்முனையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெறும் இரைச்சல்.

ஜெனரேட்டர் அறை வாசலில் அக்கா நின்றாள்.

"யாருக்கு விளக்கு?"

"வழி விடுக்கா."

"நான்தான் வந்துட்டேன்ல."

மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைத் தாழிட்டாள். சுவிட்ச் ஒரு கை தூரத்தில். எட்டவில்லை. கத்தினேன். வெளியே அப்பா கதவை இடித்தார்.

7:06. தலைக்கு மேல் இன்ஜின் சத்தம்.

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று...

"பாவம், கண்ணே தெரியாது," என்றாள்.

7:19. மலைப்பக்கம்... டமார்.

அப்புறம்தான் கையை விட்டாள். வீட்டுக்கு நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இன்று சாயங்காலம் தேடப் போனவர்கள் கூப்பிட்டார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விமானி, மூன்று பயணிகள். யாரும் பிழைக்கவில்லை.

"ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நம்ம பிள்ளைதான்," என்றார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே."

இப்போது இரவு மணி 1:40. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா குரல். "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே..." அம்மா மடியில் அவள் படுத்திருக்கிறாள்.

விடிந்ததும் அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அப்போது மடியில் இருப்பவள் அம்மாவை என்ன செய்வாள்?