உடைய மறுத்த கீபோர்டு

போன திங்கட்கிழமை போடியில் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தேன். ஆயுதம் — ஒரு கிளாஸ் டீ.

செல்வி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆதார் பிரின்ட் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் முத்துமாரி என்ற பெண். குரங்கணியிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தாள். அப்பா, அம்மா இருவருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அப்போது மணி நாலேகால்.

செல்வி டைப் செய்துகொண்டிருந்தாள். ஸ்பெல்லிங் சரியா என்று நான் எட்டிப் பார்த்தேன். என்னை யார் கேட்டது? கையிலிருந்த டீ கீபோர்டில் சிந்தியது. ரொம்ப இல்லை... நாலைந்து சொட்டு.

அப்பளம் மாதிரி மெல்லிசான புதுக் கீபோர்டு. வாங்கி மூன்று மாதம்தான். அப்படியே உயிரை விட்டது.

கடையில் வேறு கீபோர்டு இல்லை. திரையிலேயே எழுத்துகளை வரவழைத்து, மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள் செல்வி. ரொம்ப நேரம் எடுக்கிறீர்கள் என்று இணையதளம் எங்களை வெளியே தள்ளியது. முத்துமாரியோ, சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

பக்கத்து ஏலக்காய்க் கடைக்கு ஓடினேன். அங்கே கணக்கெழுதும் ராசு அண்ணன், விஷயத்தைக் கேட்டதும் தன் கீபோர்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். செங்கல் கனம். கடையில் கம்ப்யூட்டர் மூன்று முறை மாறியும் இது மாறவில்லையாம். புது மெஷினோடு சேர்வதற்கு ஒரு ஒட்டு வயர் வேறு. கவிழ்த்துத் தட்டினார். ஏலக்காய்த் தோல், ஸ்டேப்ளர் பின், எப்போதோ செத்த கரப்பான் பூச்சி... எல்லாம் விழுந்தன.

ஆனால் ஒரு கட்டையிலும் எழுத்து இல்லை. மொத்தமும் தேய்ந்து மொட்டை. செல்வி விழித்தாள்.

"தள்ளு ஆத்தா, நான் அடிக்கிறேன்" என்று ராசு அண்ணனே உட்கார்ந்தார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது மாதிரி சத்தம். நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

முத்துமாரி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இனிமே டீயை வெளியில நின்னு குடிங்க."

நியாயம்தானே?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அந்தக் காலத்துப் பொருளே தனி என்று ஆரம்பித்தேன். போன் மெலிகிறது, டிவி மெலிகிறது, லேப்டாப் மெலிகிறது — நாம்தான் பெருத்துக்கொண்டே போகிறோம் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். இப்படி ஒரு கீபோர்டை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருப்பதற்காக ராசு அண்ணனைப் பாராட்டவும் செய்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"காப்பாத்துனேனா? விரலெல்லாம் வலிக்குது தம்பி. இது ஒடஞ்சாத்தான் புதுசுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஒடையட்டும்னுதான் தெனமும் இந்தக் குத்து குத்துறேன்."

தரம் என்று நான் நினைத்தது, இத்தனை வருடமும் தோற்றுப்போன ஒரு கொலை முயற்சி!