ஏணியிலிருந்து என்னை இறக்கிவிட்ட ஆத்தா

தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, என் இடது கையில ரெண்டு விரல் செத்துக் கெடந்துச்சு. கிள்ளிப் பாத்தேன். கடிச்சும் பாத்தேன். வலிக்கலை.

மாரியாத்தாவை நம்பிக் கூடியிருக்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணமாரே, என் பேரு செல்லாயி. குளத்தூர்ப் பக்கம் கரகம் ஆடுறவ. நான் சொல்றது சண்டைக் காலத்துல, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம வரிசையில நின்னப்ப நடந்தது. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. எங்க வீட்டுக்காரரு சின்னக்கண்ணு, எங்க மேளத்துல தவில் வாசிப்பாரு.

விரல்ல ஆரம்பிச்ச மரமரப்பு முழங்கை வரைக்கும் ஏறுச்சு. கழுத்தைத் திருப்புனா சுள்ளி ஒடியுற மாதிரி சத்தம். தோள்ல இருந்து சுண்டுவிரல் வரைக்கும் தீ இழுத்துட்டுப் போகும். தண்ணிச் செம்பு கைநழுவி விழுந்தா, ஈரக் கைன்னு சொல்லிச் சமாளிப்பேன். யாருகிட்டயும் வாய் திறக்கலை.

இது எங்க கொண்டுபோய் விடும்னு எனக்குத் தெரியும்.

எங்க மேளத்துல என்கூட ராசம்மான்னு ஒரு புள்ள ஆடுனா. அதுக்கு முந்தின வருஷத் திருவிழாவுல ஏணிக் கரகம் ஆட நின்னா. செங்குத்தா நிக்கிற ஏணி. தலையில மூணு படி அரிசி போட்ட செம்பு. அதைத் தொடாம உச்சிக்கு ஏறி ஆடி இறங்கணும். ஏறப்போறப்ப என் காதுகிட்ட வந்து, "அக்கா, கை மரத்துக் கெடக்கு. பிடி நிக்குமான்னு பயமா இருக்கு"ன்னா.

சனம் கூடிருச்சு. எனக்கு அவசரம். "எல்லாம் ஆத்தா பாத்துக்குவா, ஏறுடி"ன்னுட்டேன்.

ஏழாவது படியில அவ கை விட்டுருச்சு. இடுப்புக்குக் கீழ அசைவில்லாம அன்னைக்குப் படுத்தவதான். நான் அவளைப் பாக்கப் போகலை. எந்த முகத்தோட போக?

இப்ப அதே மரமரப்பு எனக்கு. ஆத்தா என்னையத் தேடி வந்துட்டான்னு நெனச்சேன்.

மாசி கடைசியில பக்கத்து ஊர்க்காரங்க வெத்திலை பாக்கோட வந்தாங்க. மழைக்கு நேந்துக்கிட்டாங்களாம், பங்குனித் திருவிழாவுல ஏணிக் கரகம் வேணுமாம். விஷயம் தெரியாத எங்க வீட்டுக்காரரு, "செல்லாயி ஏறுவா"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

செவ்வாய் தவறாம ஈரச் சேலையோட கோயில்ல நின்னேன். உடம்பைச் சரியாக்குன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை. "அந்த ஒரு நாள் மட்டும் இந்தக் கையைக் குடு ஆத்தா. பெறகு நீயே எடுத்துக்க"ன்னு கும்பிட்டேன். ஆனா வாரத்துக்கு ஒரு விரல் போச்சு. திருவிழாவுக்கு மொத நாள், கரகத்து உச்சியில வச்ச கட்டைக் கிளி தானா ஒடிஞ்சு விழுந்துச்சு.

திருவிழா அன்னைக்குச் சாயங்காலம் வெயில் இறங்கலை. விரதம், வயித்துல ஒண்ணுமில்ல. உடம்பை வளைச்சு இளக்கிக்கக்கூடச் செய்யாம நேரா ஏணிக்குப் போனேன். நாலு படி ஏறுனேன். அஞ்சாவது படியைப் பிடிச்சேன். பிடிச்சேனா? தெரியலை. கரகம் தலையில இருக்க, திரும்பிப் பாக்கவும் முடியாது. என் கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியலை.

அப்பத்தான் அந்தக் குரல்.

"அக்கா! ஏறாதீங்க! கை தொங்குது, இறங்குங்க!"

ராசம்மா! சனத்துக்கு ஓரமா நின்ன மாட்டு வண்டியில படுத்துக்கிட்டுக் கத்துறா. தவில் நின்னுபோச்சு. "நிறுத்தாதய்யா, அடி! நேந்துக்கிட்டது நின்னா ஊருக்கு ஆகாது!"ன்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு தவிலைக் கழட்டிக் கீழ வச்சாரு. "மொதல்ல அவ இறங்கட்டுங்க"ன்னாரு.

ஒரு கையால தடவித் தடவி இறங்குனேன். கீழ நின்னவங்க கரகத்தை வாங்கிக்கிட்டாங்க. நான் நேரா வண்டிகிட்ட போனேன்.

"காலையில இருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுக்கா. நீங்க ஏறப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். என்னையத் தூக்கிட்டுப் போன்னு அண்ணங்கிட்ட அழுதேன்"ன்னா. வருஷம் முழுக்க வீட்டு வாசலைத் தாண்டாதவ. அவ கால்ல தலையை வச்சு அழுதேன். என் கண்ணீர் பட்டது அவளுக்குத் தெரியலை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்தாங்க. கழுத்துல நரம்பு நசுங்குது, இன்னும் பாரம் ஏத்தியிருந்தா கையே போயிருக்கும்னாங்க. தலையில ஒண்ணும் ஏத்தாம இருந்தேன். ஆடி மாசம் ஒரு நாள் அடுப்புல கை சுட்டுச்சு. சுட்டது தெரிஞ்சுச்சு! "ஆத்தா"ன்னு கத்திச் சிரிச்சேன்.

ஏணி ஏறாததால அந்த ஊருக்கு ஒரு குறையும் வரலை. ஐப்பசியில கண்மாய் நெறைஞ்சுச்சு.

இப்பவும் ஆடுறேன். ஆனா செம்புல பாரம் பாதிதான். கழுத்தையும் தோளையும் முழங்காலையும் நல்லா இளக்கிக்கிட்டுத்தான் தொடங்குவோம். மாத்தி மாத்தி ஆடுவோம். யாராவது வலிக்குதுன்னு சொன்னா அன்னைக்கு அவளுக்கு ஆட்டம் இல்ல. ராசம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் நான்தான் தலைக்கு ஊத்துறேன். அவ இன்னும் எந்திரிக்கலை. ஏன் எனக்கு மட்டும் குணமாக்குனேன்னு ஆத்தாகிட்ட கேக்காத நாளில்ல.

நான் கேட்டது ஏற. ஆத்தா குடுத்தது இறங்க. உங்க உடம்புல ஒரு எடம் மரத்தாலோ வலிச்சாலோ மறைக்காதீங்க. அவகிட்ட சொல்லுங்க, பக்கத்துல இருக்கவங்ககிட்டயும் சொல்லுங்க. அவ யாரையாவது அனுப்புவா. கூப்புடுற குரல் யாரோடதா இருந்தாலும் நம்பி இறங்கிருங்க.