நான்கு மீட்டர் ஆழத்தில் செம்பனை

என் ஆராய்ச்சிக்காகப் பொந்தியான் பக்கத்துச் சதுப்புக் காட்டில் மண் எடுக்கப் போன அன்று, உதவிக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அதனால் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் செடெனாக் அருகே ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர். இரும்புக் குழாயை நான்கு மீட்டர் ஆழம் அழுத்தி இறக்க அவரைவிடப் பலமான தோள் எனக்குத் தெரியாது.

கூட வந்த வகுப்புத் தோழி, "யாரு இந்த அங்கிள்? செம்ம ஸ்ட்ராங் லா" என்றாள்.

"தோட்டத்து ஆளு," என்றேன்.

அப்பாவின் காதில் அது விழுந்தது. அதன்பிறகு அன்று முழுவதும் அவர் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. தோழியின் முன்னால் அந்தப் பெருமை ஏன் அப்படி ஒரு பதிலைச் சொல்ல வைத்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

சதுப்பின் கறுப்பு மண்ணில் பழங்காலத்து மகரந்தம் கெடாமல் கிடக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் எந்தெந்தச் செடியின் மகரந்தம் இருக்கிறது என்று எண்ணினால், அந்தக் காலத்தில் அங்கே என்ன காடு இருந்தது, மழை எப்படிப் பெய்தது, கடல் எவ்வளவு அருகில் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம். புது மகரந்தம் கலந்துவிட்டால் எல்லாம் பாழ். அதனால் ஒவ்வொரு முறையும் குழாயைச் சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். கடைசி முறைக்குத் தண்ணீர் மிஞ்சவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் கழுத்தில் கிடந்த துண்டை உருவிக் குழாயின் உட்புறத்தைத் துடைத்தேன்.

"வேணாம்மா, அது வெட்டுக்குக் கட்டிட்டுப் போற துண்டு. அழுக்கு," என்றார் மெதுவாக.

"பரவால்ல, நீங்க குழாயப் புடிங்க."

சில மாதங்கள் கழித்து நுண்ணோக்கியில் அந்த அடிமண்ணைப் பார்த்தேன். கடல் அங்குவரை வந்திருந்த காலத்து அலையாத்தி மரங்களின் மகரந்தம் நிறைய இருந்தது. நடுநடுவே முக்கோணமாக, மூன்று பக்கம் பிரிந்த கீறலோடு, செம்பனை. ஒன்றிரண்டு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே தோட்டம் போட்ட ஆப்பிரிக்க மரம், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய மண்ணில் இருக்க வழியே இல்லை. அப்பா குலை வெட்டக் கட்டிக்கொண்டு போகும் துண்டு உடனே ஞாபகம் வந்தது.

"குழாயை யார் துடைத்தது?" என்று என் பேராசிரியை மலாயில் கேட்டார்.

"உதவிக்கு வந்த தோட்டத்து ஆள்," என்றேன். யோசிக்கவே இல்லை.

"மண்ணை மறுபடி எடுக்க வேண்டும். அவரையே திரும்பக் கூட்டி வா. குழாயைச் சுத்தம் செய்ய நானே சொல்லிக் கொடுக்கிறேன்."

அப்பா லீவு போட்டு, தேய்த்த சட்டையோடு வந்தார். என்ன நடந்தது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சதுப்பின் ஓரத்தில் நின்று, ஓர் அழுக்குத் துணியால் ஒரு மாணவியின் பல மாத உழைப்பு வீணாகிவிட்டது என்று பேராசிரியை அவருக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாஃப், புவான்," என்று மன்னிப்புக் கேட்டார். "துண்டு என்னுடையதுதான்."

அவர் கைகட்டி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. "துடைத்தது நான்," என்றேன். "வேண்டாமென்றுதான் சொன்னார். இவர் என் அப்பா."

பேராசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவிடம் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, குழாய் கழுவத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த தோம்பை என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "எதுக்கும்மா சொன்ன? மார்க்கு கொறைச்சிட்டாங்கன்னா?"

"கொறைக்க மாட்டாங்கப்பா."

"பேசாம இருந்திருந்தா பழி என்னோட போயிருக்கும்."

கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு சாக்காக இருந்தது.