ஏழாவது ஆரத்தித் தட்டு

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் பூ வரையச் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாள், ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். தூரிகை கழுவத்தான். எந்த வகுப்பிலும் முதலில் அதைத்தான் செய்வேன். இங்கே வைத்ததும் பேச்சு நின்றுபோனது. எல்லோருடைய கண்ணும் தம்ளரிலேயே இருந்தது. சிறுநீரகம் நின்றுபோனவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், ஒரு மடக்கு கூடினாலும் மூச்சு முட்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மூலை நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். முன்பு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். அவர்தான் வாயைத் திறந்தார்.

"டீச்சர், அத கொஞ்சம் மறைச்சு வைங்க லா. எங்க வீட்ல எல்லாம் வடிகால் அடைச்சிருக்கு. மழையக் காட்டாதீங்க."

சிரிப்பு கிளம்பியது. வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று வெள்ளம் பார்த்துப் பழகிய கிள்ளான்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து பால்மாவு டின் கொண்டுபோனேன். உள்ளே தண்ணீர் இருப்பது வெளியே தெரியாது.

மனிதர்கள் சொல்வதைப் பொறுக்கிக்கொண்டு வருவது என் பழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அன்றைக்குக் கேட்டதை எனக்குள்ளேயே இன்னொரு தடவை பேசிப் பார்ப்பேன். படம் வரைய நான் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். பூ வரைவது கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பழகியது. பட்டையான தூரிகையின் ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் வெள்ளை. அழுத்து, திருப்பு, தூக்கு. ஒரே இழுப்பில் நிழலும் வெளிச்சமுமாக ஓர் இதழ் விழும். முதல் இதழ் சரியாக விழுந்த அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். காட்டுக்குள்ளே யாருமே பார்க்காத இடத்தில்கூடக் கடவுள் பூவுக்கு இத்தனை நிறம் போட்டு வைத்திருக்கிறாரே, அந்தச் சந்தோஷத்தில் நமக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார் என்று பட்டது. என் விசுவாசமெல்லாம் அவ்வளவுதான். எங்கள் தேவாலயக் கூடத்தில் பெண்களுக்கு மெழுகுவர்த்தியிலும் போத்தலிலும் தட்டிலும் வரையச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே வந்த ஒரு தாதிதான் என்னை இந்த மையத்துக்கு அழைத்துப்போனாள்.

நாலு மணி நேரம் ஒரு கையில் ஊசி, அசைக்கக்கூடாது. மறு கை சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற கைக்குத்தான் நான் ஆசிரியை. ஒரு கையால் வரைகிறவருக்குத் தட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தொடங்கும்போது, "அவங்கவங்க சாமிய அவங்கவங்க கூப்பிட்டுக்கோங்க" என்பேன். கண்ணை மூடுவோம். பிறகு சொல்வேன்: "பூ வரையறப்போ சாமி நம்ம பக்கத்துல உக்காந்திருக்காரு." மனதாரச் சொன்னதுதான். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த வார்த்தையை வைத்தே ஒருவர் என்னை மடக்குவார் என்று நினைக்கவில்லை.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பண்டமாரானில் வீடு. கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், இறந்துவிட்டார். ஒரே மகள். சிரிப்பதற்கென்றே பிறந்த முகம் அக்காவுக்கு. முதல் பூவை வரைந்துவிட்டு, "டீச்சர், இது ரோஜாவா, முட்டைக்கோஸா?" என்று கேட்டார். "முட்டைக்கோஸ்தான், ஆனா நல்ல முட்டைக்கோஸ்" என்றார் பாய் எட்டிப் பார்த்து. ரெண்டே மாதத்தில் அது ரோஜாவானது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், அக்கா அறிவித்தார்: "ஆரத்தித் தட்டு எல்லாம் நான்தான் செய்யப் போறேன். அஞ்சு தட்டு."

"கடையில அழகழகா விக்கிறானே" என்றேன் விளையாட்டாக.

"மண்டபம் மாப்பிள்ளை வீட்ல பாத்துட்டாங்க. மேடை அலங்காரத்துக்கு ஆளு. சாப்பாட்டுக்கு ஆளு. சேலை கட்டிவிடக்கூட ஒரு ஆளாம். இத்தனை வருஷமா என் பொண்ணுதான் என்னைக் கார்ல ஏத்தி எறக்கிட்டு இருக்கா. அவ கல்யாணத்துல என் கை படறது இது ஒண்ணுதான் டீச்சர்."

வட்டப் பலகையில் பூ, ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் விளக்கு வைக்க இடம். நான்காவது தட்டு வரைந்துகொண்டிருந்தபோது அக்காவின் இடது கை நின்றுபோனது. அப்படித்தான் அங்கே சொல்வார்கள். இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ஊசி குத்துவதற்காகப் பருக்க வைத்திருப்பார்கள்; தொட்டால் உள்ளே கரண்டு ஓடுவதுபோல் அதிரும். ஒரு காலையில் அந்த அதிர்வு இல்லை. மருத்துவர்கள் எவ்வளவோ பார்த்தும் திறக்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டு, அதன் வழியாக டயாலிசிஸ் செய்தார்கள்.

அடுத்த புதன்கிழமை அக்கா ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "இப்ப ரெண்டும் ஃப்ரீ. தட்ட நானே புடிச்சுக்குவேன். டீச்சருக்கு வேலை போச்சு!"

நான் சிரித்தேன். தாதி சிரிக்கவில்லை. கழுத்துக் குழாயை வெகு நாள் வைத்திருக்க முடியாது, கிருமி ஏறினால் நேராக இரத்தத்துக்குப் போகும், சீக்கிரம் வலது கையில் அதே மாதிரி அறுவை செய்ய வேண்டும், செய்தாலும் அது ஊசி குத்துமளவுக்குப் பருக்கச் சில வாரங்கள் ஆகும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சிலருக்கு அறுவைக்குப் பின் விரல்கள் மரத்துப்போகும், பிடிமானம் குறையும். சிலருக்குத்தான்.

அக்கா அந்தச் 'சிலருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு தட்டு முடியட்டும், அப்புறம் வெட்டிக்கிறேன்."

ஐந்தாவது தட்டு முடிந்த அன்று எல்லோரும் கை தட்டினோம். எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் மடியில் ஆறாவது பலகை.

"என்னக்கா இது?"

"மாப்பிள்ளைக்கு ஏழு அத்தைங்களாம் டீச்சர். அஞ்சு பேர் கையில தட்டக் குடுத்து ரெண்டு பேர வேடிக்க பாக்கச் சொன்னா, கல்யாணத்தன்னைக்கே சண்டை."

"அப்ப ஆறோட நிறுத்திக்கோங்க."

"ஆறா? ரெட்டப்படையில தட்டு மேடை ஏறுமா?"

ஏறாதுதான். ஆரத்தித் தட்டு எப்போதும் ஒற்றைப்படை. ஐந்தைத் தாண்டியவர் ஏழுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அக்காவின் மகள் கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் எனக்காகக் காத்திருந்தாள். துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. கழுத்தில் இன்னும் அலுவலக அட்டை தொங்கியது.

"ஆன்டி, உங்க காலப் புடிக்கிறேன், அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. டாக்டர் ரெண்டு தடவ தேதி குடுத்துட்டாரு. தட்டு முடியல, தட்டு முடியலன்னு தள்ளிப் போடறாங்க."

"நான் சொன்னா மட்டும் கேப்பாங்களா மா?"

"நீங்கதானே ஆன்டி கத்துக்குடுத்தீங்க?"

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னாள். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல தட்டு வாடகைக்கே கெடைக்குது. எனக்கு தட்டு வேணாம் ஆன்டி. அம்மா அங்க உக்காந்திருந்தா போதும்."

ரயிலில் வழி நெடுகப் பேசிப் பார்த்தேன். எப்படித் தொடங்குவது, எங்கே கண்டிப்பாகச் சொல்வது, எங்கே சிரிப்பது என்று. அடுத்த புதன்கிழமை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா..." என்றதுமே அவர் தூரிகையை நிறுத்தாமல் கேட்டார்:

"என் பொண்ணு உங்களப் புடிச்சிட்டாளா?"

"அவ பயப்படறா. நானும்தான்."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆனா நீங்கதானே சொன்னீங்க, பூ வரையறப்போ சாமி பக்கத்துல உக்காந்திருக்காருன்னு. எனக்கு அது நெஜமாவே தெரியுது டீச்சர். இந்த நாலு மணி நேரம்தான் எனக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகுது. சாமி உக்காந்திருக்கறப்போ என்னை எந்திரிச்சுப் போகச் சொல்றீங்களா?"

போங்கள் என்றால் என் வாயால் சொன்னதை நானே மறுக்க வேண்டும். இருங்கள் என்றால் கழுத்துக் குழாயில் என்ன ஏறுகிறதோ அதற்கு நானும் பொறுப்பு. "ஏழாவத நான் போட்டுத் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"போட்டா அழகா இருக்கும். ஆனா அது உங்க பூ."

"டீச்சர், விடுங்க" என்றார் பாய் மூலையிலிருந்து. "நாங்கெல்லாம் டாக்டர் சொல்லி நெறைய கேட்டவங்க. இந்தப் புள்ளையாச்சும் ஒண்ண தன் இஷ்டத்துக்குச் செய்யட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ஆனா ஆபரேஷன் செஞ்சுக்கறதுதான் புத்தி" என்று சேர்த்தார். அவருக்கும் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

ஆறாவது தட்டு முடிந்து அடுத்த வாரம், அக்காவின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அங்கே ஒரு நாற்காலியில் ஆள் மாறினால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நான் பால்மாவு டின்னோடு நடுவில் நின்றேன். பாய்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க. காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

அன்றைக்கு வகுப்பு நடத்தினேனா, இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. மருத்துவமனைக்குப் போனபோது அக்காவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. போர்வைக்கு மேல் போர்வை. கழுத்துக் குழாயை எடுத்திருந்தார்கள். வேறு இடத்தில் போட வேண்டுமாம். மகள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியை மட்டும் என் பக்கம் நகர்த்திப் போட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பார்த்தேன். வகுப்பில் அத்தனை சுலபமாக வருகிற வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் நகரவில்லை. காட்டுப்பூவுக்கு நிறம் போடுகிறவரிடம் இந்த உடம்பைப் பற்றி எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. நான் மறுபடி போனபோது அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வெட்டிக்கறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

நான் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ராத்திரி கண்ண முழிச்சுப் பாத்தேன் டீச்சர். என் பொண்ணு, கட்டிலுக்குக் கீழ தரையில அட்டைய விரிச்சுப் படுத்திருக்கா. கல்யாணப் பொண்ணு. கைக்கெல்லாம் மஞ்சள் பூச வேண்டியவ." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுவை நடந்தது. நல்லபடியாக நடந்தது என்றுதான் மருத்துவர் சொன்னார். தைத்த இரத்தக் குழாய் வேலை செய்கிறது, உள்ளே அதிர்வு இருக்கிறது. ஆனால் விரல்கள் குளிர்ந்து கிடக்கின்றன. பழகிவிடும், பொறுத்துப் பாருங்கள் என்கிறார்கள். பழகாவிட்டால் திரும்ப ஒரு சின்ன அறுவையாம். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

போன புதன்கிழமை அக்கா மையத்துக்குத் திரும்பினார். மகள் ஆறு தட்டுகளையும் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பைக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "அஞ்சு போதும்மா, ஒண்ண வீட்ல மாட்டிக்கலாம்" என்று அவள் சொன்னதற்கு, "எதம்மா எடுத்து வைக்கறது, நீயே சொல்லு" என்றார் அக்கா. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கீழே இறங்கிப் போனாள்.

ஏழாவது பலகையை நான் பிடித்துக்கொண்டேன். அக்கா தூரிகையை வலது கை விரல்களுக்கு நடுவே இடது கையால் செருகிக்கொண்டார். அழுத்தினார். திருப்பும்போது தூரிகை நழுவிப் போர்வையில் விழுந்தது. சிவப்புக் கறை. இன்னொரு தடவை. மறுபடி விழுந்தது. பாய் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தார், தூங்கவில்லை.

"பிரஷ் கையில இருக்கறதே தெரியல டீச்சர்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. வலது கையை மெதுவாக என் பக்கம் நீட்டினார். "தொட்டுப் பாருங்க. நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் சூடு வந்திருக்குன்னு என் பொண்ணு சொல்றா. இருக்கா?"

நான் பலகையை மடியில் வைத்துவிட்டு அந்த விரல்களை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து ஏர்கோன் காற்றுக்கு நேர் கீழே நின்றிருந்தேன். என் கையே ஜில்லென்று இருந்தது. எது அவருடைய குளிர், எது என்னுடையது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இருக்கா?" என்று மறுபடி கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.