எழுதித் தருவீகளா?

படுக்கையில் புரண்டு எழும்போது இடுப்பில் மளுக்கென்றது. அப்போது ஆறாவது மாதம். பாவாடைக்குள் கால் நுழைக்க ஒற்றைக் காலில் நின்றேன். தொடைகள் சேருமிடத்தில் வெட்டி இழுத்தது. ஏற்கெனவே ஒரு பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் இழந்தவள் நான். இதுவும் போகப்போகிறதோ என்ற பயம்தான் முதலில் வந்தது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு காயையும் புரட்டிப் பார்த்துத்தான் ஒதுக்குவேன். ஆட்களிடமும் அதே புத்திதான். பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் முத்துலட்சுமி அக்கா, "சூட்டு வலியா இருக்கும் தாயி, சீரகத் தண்ணி குடி" என்றார். நான் நம்பவில்லை.

தேனியில் மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொன்னார். எனக்கு வந்திருப்பது இடுப்பு வளைய வலியாம் (கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகள் இளகி, எடையை ஒழுங்காகத் தாங்காததால் வருவது). அதையும் அரைமனதாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மருத்துவர் அனுப்பிய பிசியோதெரபி அறையில், பயிற்சி சொல்லித்தர சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்த வேண்டுமாம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து அமுக்க வேண்டுமாம். அமுக்கினால் பிள்ளை என்னாகும்? இவளுக்கு என்ன தெரியும்? நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் எதையுமே செய்யவில்லை. ஜீப் ஓட்டப் போய்வரும் என் கணவர் கேட்கும்போதெல்லாம் "செஞ்சுட்டேன்" என்று புளுகினேன். வலி கூடி, சுவரைப் பிடித்து நடக்கும்படி ஆனது.

அடுத்த முறை அவள், "செஞ்சு காட்டுங்கக்கா" என்றாள். வசமாக மாட்டிக்கொண்டேன். கோபம்தான் வந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீகளா?"

"ஏ புள்ள, என்ன பேச்சு இது?" என்று கூட வந்திருந்த என் கணவர் பதறினார்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "அத யாராலயும் எழுதித் தர முடியாதுக்கா. எப்ப நிறுத்தணும்கிறத வேணா எழுதித் தாரேன்."

எழுதினாள். ரத்தம் பட்டால், நீர் கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், தலை சுற்றினால், பிள்ளையின் அசைவு குறைந்தால் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொன்ன ஒருவரையும் நம்பாத நான், பயப்பட வேண்டியதை எழுதித் தந்தவளை நம்பினேன்.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் அந்த அறையிலேயே கேட்டுவிடுங்கள். என்னைப் போல வீட்டுக்கு வந்து புளுகாதீர்கள்.

அன்றிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். உட்கார்ந்தே உடுத்தினேன், முழங்கால்களைச் சேர்த்து வைத்தே புரண்டேன். மூன்றாவது வாரத்தில் சுவரை விட்டேன். வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் தலையணையை அமுக்கும்போது அவள் என் கையை எடுத்து இடுப்பில் வைத்தாள். தோலுக்கடியில் கெட்டியாக ஏதோ திரண்டது.

"இந்தத் தசையெல்லாம் சேந்துதான்க்கா பிள்ளையத் தாங்குது. மூட்டு இளகுனதால இம்புட்டு நாளும் இதுதான் விடாமப் பிடிச்சு ஓஞ்சு போச்சு. அதான் வலி."

அழுதுவிட்டேன். முதல் பிள்ளை போனதிலிருந்து நான் அதிகமாகச் சந்தேகப்பட்டது என் உடம்பைத்தான். இதையும் அது தள்ளிவிடப் பார்க்கிறது என்றே நினைத்திருந்தேன். பாவம், அது பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதுவரை நாள் எண்ணவே பயந்திருந்த நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று முதல்முறையாக அவளிடம் கேட்டேன்.